கும்மிக்குப் பென்டிரைவ் வேண்டாமுங்க

எங்கூர் மாரியம்மன் பொங்கலுக்கு இந்தப் பங்குனியில வள்ளி கும்மி அரங்கேற்றம் நல்லபடியா முடிஞ்சுதுங்க. முடிஞ்ச மறுவாரமே கோயில் திண்ணையில ஒரு பேச்சு கிளம்பிருச்சு. அடுத்த வருசம் பாட்டையெல்லாம் முன்னாடியே ரெக்கார்டு பண்ணி பென்டிரைவ்ல ஏத்திக்கலாம், ஒருத்தர் மேடையில நின்னு தொண்டை கிழியப் பாட வேண்டியதில்ல, ஆடறவங்க ஆடுனாப் போதும்ங்கறாங்க. சொல்றவங்க எல்லாம் எனக்கு வேண்டப்பட்டவங்கதான். பங்காளி முறை, மாப்பிள்ளை முறை. ஆருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனா எனக்கு இதுல உடன்பாடு இல்லைங்க. மூணு வருசமா அந்த மேடையில ஆசிரியர் பக்கத்துல நின்னு பின்பாட்டுப் பாடறவன் நான். திண்ணையில பேசுனா பாதிப் பேச்சுக்கு மேல சத்தம்தான் வருது. அதனால எனக்குத் தெரிஞ்சதை இங்க எழுதி வெச்சுடறேன்.

வெளியூர்க்காரங்களும் படிக்கறீங்கங்கறதால ரெண்டு வரி. வள்ளி கும்மின்னா கொங்குப் பக்கத்துல முருகன் வள்ளியைக் கல்யாணம் கட்டுன கதையைப் பாட்டாப் பாடி, வட்டமா நின்னு கைகொட்டி, அடி போட்டு ஆடறது. வள்ளி வள்ளிக்கிழங்குக் குழியில கெடைச்சதுல ஆரம்பிச்சு, தினைக்காட்டுக் காவல், முருகன் வேடனா வர்றது, வேங்கை மரமா நிக்கறது, கெழவனா வந்து தினைமாவும் தண்ணியும் கேக்கறது, அண்ணன் விநாயகர் ஆனையா வந்து நிக்கறதுன்னு கதை போகும். தினைக்காட்டுல குருவி ஓட்டற பாட்டு வரும்போது எனக்கு எப்பவும் எங்க அப்பாரு சோளக்காட்டுல பரண் போட்டுக் கவணோட உக்காந்திருந்த நெனப்பு வந்துரும். இப்ப எங்க பக்கம் சோளமும் இல்ல, பரணும் இல்ல. மயிலை ஓட்டறதுதான் பொழப்பா இருக்குது, அதுக்குப் பாட்டும் கிடையாது.

ஒரு காலத்துல ஆம்பளைங்க மட்டுமே ஆடுன ஆட்டம் இது. கோவை மாவட்டத்து பத்திரப்பன் ஐயா மாதிரி ஆளுங்க பொம்பளைப் புள்ளைகளையும் சேர்த்துச் சொல்லிக் குடுத்தாங்க. அவருக்கு 2024-ல பத்மஸ்ரீ குடுத்தப்ப எங்கூர்லயே பட்டாசு வெடிச்சாங்க. இன்னிக்கு வட்டத்துல பாதிக்கு மேல பொண்ணுங்கதான். காலேஜ் போற புள்ளையும் பேத்தி எடுத்த அம்மாயியும் ஒரே வரிசையில, ஒரே கலர் சேலையில நிக்கறாங்க. இதெல்லாம் சந்தோசப்பட வேண்டிய விசயம். ஆட்டம் பெருகிருச்சு. பாடறவங்கதான் பெருகல. பென்டிரைவ் பேச்சு எதனால வருதுன்னு கேட்டா, எனக்குத் தெரிஞ்சு இதனாலதான்.

சரி, நேரடியாப் பாடறதுல அப்படி என்ன இருக்குதுன்னு கேக்கறீங்களா?

கும்மி ஆசிரியர் மேடையில நின்னு பாடறப்போ எங்க பார்க்கறாருன்னு கவனிச்சிருக்கீங்களா? ஜனத்தைப் பார்க்க மாட்டார். சாமியையும் பார்க்க மாட்டார். ஆடறவங்க காலைத்தான் பார்ப்பார். ஒரு பாட்டுக்கு ஒரு அடி. அடி மாறும்போது வட்டத்துல ஆராவது ஒருத்தர் தடுமாறுவாங்க. தடுமாறுனவங்க பக்கத்துல இருக்கறவங்களைப் பார்த்து அடியைப் புடிக்க ரெண்டு சுத்து வேணும். அது வரைக்கும் ஆசிரியர் அதே வரியை மடக்கி மடக்கிப் பாடுவார். வட்டம் சேர்ந்துருச்சுன்னு தெரிஞ்சாத்தான் அடுத்த வரி. கீழ உக்காந்து பார்க்கறவங்களுக்கு இது தெரியவே தெரியாது. பாட்டே அப்படித்தான்னு நெனச்சுக்குவாங்க. இந்த வருசம் கெழவர் வேசப் பாட்டுல ஒரு அம்மாயிக்குச் சேலைக் கொசுவம் கால்ல சிக்கிருச்சு. அந்தம்மா குனிஞ்சு அதைச் சரி பண்ணிட்டு நிமிர்ற வரைக்கும் ஆசிரியர் முருகனுக்கு விக்கல் எடுக்கறதையே நாலு தடவை பாடுனார். ஜனம் சிரிச்சுது. அந்தம்மா மானமும் தப்பிச்சுது. பென்டிரைவுக்கு அந்தம்மா ஆரு, கொசுவம் எது?

இன்னொண்ணு, வேகம். எளசுங்க ஆடறப்போ வேகம் தானா ஏறும். சின்னப் பசங்க இருக்கற பக்கம் கைத்தட்டு முந்திக்கிட்டுப் போகும், வயசானவங்க பக்கம் பிந்தும். ஜால்ராக்காரரும் பாடறவரும் ரெண்டு பக்கத்தையும் கேட்டுக் கேட்டுத்தான் நடுவுல கொண்டு வரோணும்.

இதுல ஒரு கணக்கும் இருக்குதுங்க. சத்தம் ஒரு நொடிக்குச் சுமாரா 340 மீட்டர்தான் போகும். ஸ்பீக்கர் பாக்ஸுல இருந்து நூறடி, அதாவது முப்பது மீட்டர் தள்ளி நிக்கற வரிசைக்குப் பாட்டு ஒரு நொடியில பத்துல ஒரு பங்கு தாமதமாத்தான் போய்ச் சேரும். இது ஒரு தாமதமான்னு தோணும். கும்மி வேகம் புடிச்சா ஒரு நொடிக்கு ரெண்டு தட்டு விழுகுது. ரெண்டு தட்டுக்கு நடுவுல இருக்கறதே அரை நொடிதான். அதுல பத்துல ஒரு பங்கு போனா, அஞ்சுல ஒண்ணு போன மாதிரி. அப்புறம் கைத்தட்டு 'டப்'புனு ஒண்ணா விழாது, மழை பெஞ்சாப்பல சலசலன்னு விழும். நேரடியாப் பாடறவர் இதைக் கேட்ட உடனே பாட்டை ஒரு இழுவை இழுத்து நிறுத்தி மறுபடி எடுப்பார். மைதானம் பெருசாப் பெருசா, ஆள் கூடக் கூட, இந்தச் சோலி அதிகமாகும். கூட்டம் பெருசாயிருச்சு, அதனால ரெக்கார்டு போடலாம்ங்கறாங்க. நான் அதுக்கு நேர் எதிரா, கூட்டம் பெருசானதாலதான் பார்த்துப் பாடற ஆள் வேணும்ங்கறேன்.

காங்கயம் பக்கத்துல ஓலப்பாளையத்துல 1960-கள்ல தங்கியிருந்த பிரெண்டா பெக்னு ஒரு வெள்ளைக்காரம்மா, அண்ணன்மார் சாமி கதையை உடுக்கை அடிச்சுப் பாடறவங்க பாடப் பாட டேப்புல பதிவு பண்ணாங்க. ஒரு ராத்திரியில முடியற கதையா அது? பல ராத்திரி நடந்துச்சு. அந்தப் பதிவு இருக்கறதாலதான் அந்தக் கதை புஸ்தகமா வந்துச்சு, இன்னிக்கு நாமளும் படிக்கறோம். அதனால பதிவு பண்றதே தப்புன்னு நான் சொல்லல. ஆனா அந்தம்மா பதிவு பண்ணதுனால படுகளத்துல உடுக்கைக்காரர் வேண்டாம், டேப்பைப் போடலாம்னு ஆரும் சொல்லல பாருங்க. பதிவு பத்திரமா வைக்கறதுக்கு. சாமி முன்னாடி ஆள்தான் பாடோணும்.

இனி, பாடறதுக்குத் தயாராகறது பத்திக் கொஞ்சம் எழுதறேன். எங்கிட்ட நெறயப் பேர் கேட்டிருக்காங்க.

எங்க பயிற்சி தை மாசம் ஆரம்பிச்சு பங்குனி வரைக்கும், ராத்திரி ஏழரைக்கு மேல, கோயில் முன்னாடி. பகல்ல எல்லாருக்கும் சோலி இருக்குது. அந்த மூணு மாசம்தான் எங்க பக்கம் மஞ்சள் வெட்டு, வேகவைக்கற பருவமும். மஞ்சள் அவிக்கற கொப்பரை கிட்ட பொழுதுக்கும் நின்னு புகையைக் குடிச்சுட்டு ராத்திரி வந்து பாடுனா குரல் எப்படி இருக்கும்? பாலீஷ் ட்ரம் ஓடற எடத்துத் தூசி அதைவிட மோசம். மருந்தடிக்கறதும் அப்படித்தான். அரங்கேற்றத்துக்கு முன்னாடி ஒரு வாரம் இந்த மூணு சோலியையும் நான் ஆள் விட்டுத்தான் பார்த்துக்கறேன். அதுக்குக் கூலி போகுதுன்னு வீட்டுல கொஞ்சம் முணுமுணுப்பு இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்.

தொண்டைக்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வாங்க. சித்தரத்தை, அதிமதுரம், பனங்கற்கண்டு, மிளகு. எல்லாம் நல்லதுதான், வாய்க்கு எதமா இருக்கும். ஆனா ஒரு விசயம் நெறயப் பேருக்குத் தெரியல. குடிக்கற தண்ணி நேரா குரல் வர்ற எடத்துல போய்ப் படாது. பட்டா அதுக்குப் பேருதான் பொரை ஏறறது. அதனால மேடையில நின்னுட்டு வரிக்கு வரி பாட்டிலைத் தெறந்து குடிச்சா வாய்தான் நனையும். காலையில இருந்தே கொஞ்சம் கொஞ்சமாக் குடிச்சு உடம்புல ஈரம் இருந்தாத்தான் குரலுக்கு ஆகும். சோறு ரெண்டு மணி நேரம் முன்னாடியே சாப்புட்டரோணும். பொங்கல் அன்னிக்குக் கெடா விருந்தைக் கட்டு கட்டிட்டு மேடை ஏறுனா, மூச்சு நெஞ்சுக்கு மேலதான் நிக்கும், நீள வரியைப் பாதியில விட்டுட்டு நிக்கோணும். விருந்து மறுநாளும் இருக்கும்ங்க.

அப்புறம் சுருதி. எங்க ஆசிரியர் பாடறது ஒரு கட்டையில. ஆம்பளைங்களுக்கு அது சரி. பொம்பளைப் புள்ளைகளுக்கு அஞ்சு கட்டை பக்கம்தான் வாட்டமா வரும். அவர் பாடுனதை அதுங்க திருப்பிச் சொல்றப்போ, ஒண்ணு கீழ போய் முனகோணும், இல்ல மேல போய்க் கத்தோணும். வட்டத்துல அறுபது பேர் இருந்தும் பின்பாட்டு எடுபடலைன்னா அதுக்குக் காரணம் வெட்கம் மட்டுமில்ல, சுருதியும்தான். இந்த வருசம் வள்ளி பேசற பாட்டு மூணை ஒரு பத்தாவது படிக்கற புள்ளையைப் பாட வெச்சோம், அது சுருதியிலயே. முருகன் பாட்டு ஆசிரியர் சுருதியில. அந்த மூணு பாட்டுக்குத்தான் பொம்பளைங்க பக்கம் பின்பாட்டு கணீர்னு வந்துச்சு. வள்ளிக்கும் முருகனுக்கும் தர்க்கம் நடக்கற எடம், ரெண்டு குரல் இருந்தா கதையே வேற மாதிரி நிக்குது. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் பொறந்த மண்ணு இது. மைக் பரவாத நாடகக் காலத்துல, கடைசி வரிசை வரைக்கும் கேக்கற மாதிரிப் பாடுன அம்மா. நம்ம புள்ளைங்களுக்குக் குரல் இல்லைன்னு ஆரும் சொல்லிர முடியாது.

பாட்டை மனப்பாடம் பண்றது பத்தியும் சொல்லிடறேன். எங்க ஆசிரியர் நோட்டுல எழுத விடுவார், ஆனா பாடறப்போ பார்க்க விட மாட்டார். போனைப் பார்த்துப் பாடறது அவருக்கு ஆகவே ஆகாது. நான் முதல்ல இது வீண் பிடிவாதம்னு நெனச்சேன். மேடையில நின்ன பொறகுதான் காரணம் புரிஞ்சுது. கண்ணு போன்ல இருந்தா காலை ஆர் பார்க்கறது? வாய்க்கால் மேட்டுல தண்ணி கட்டிக்கிட்டே பாடிப் பழகுனதுதான் எனக்கு நின்னுச்சு. மடை திருப்பற கணக்கு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். ரெண்டும் ஒண்ணா ஓடுனா அந்தப் பாட்டு மேடைக்கு ரெடின்னு அர்த்தம்.

மைக்செட்காரர்கிட்ட முன்கூட்டியே பேசறது பாதி வேலை. இதை எழுதாமப் போனா எனக்குத் தூக்கம் வராது. நம்மூர் மைக்செட்டுல எக்கோவை முழுசாத் திருகி வெச்சிருப்பாங்க. கணீர்னு இருக்கும்னு அவங்க நெனப்பு. சினிமாப் பாட்டுக்கு ஒப்பேறும். கதைப் பாட்டுக்கு ஒரு சொல்லு முடியறதுக்குள்ள அடுத்த சொல்லு மேல ஏறி உக்காந்துக்கும். முருகன் என்ன கேட்டான், வள்ளி என்ன சொன்னான்னே தெரியாது. எக்கோவை அடியோட கொறைக்கச் சொல்லோணும். ரெண்டாவது, பாடறவர் பக்கம் திருப்பி ஒரு பாக்ஸ் கட்டாயம் வேணும். தன் குரல் தனக்குக் கேக்கலைன்னா மனுசன் தானாவே கத்த ஆரம்பிச்சுருவான். தொண்டை கட்டறது பாடறதால இல்லைங்க, கத்தறதாலதான். மூணாவது, மைக்கோட தலையைக் கையில பொத்திப் புடிக்கக் கூடாது. புடிச்சா 'கூ'ன்னு கூவும். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் எடம் போதும். காத்தடிக்கற பங்குனியில ஒரு ஸ்பாஞ்சு உறையும் போட்டுக்கிட்டா நல்லது.

நேரம் இன்னொரு தலைவலி. முன்னெல்லாம் விடிய விடிய நடக்கும். இப்ப 2000-ல வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி பத்து மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாது. போலீஸ் அனுமதியிலயே அதை எழுதித்தான் குடுக்கறாங்க. ஆறரைக்கு ஆரம்பிச்சாலும் மூணரை மணி நேரம்தான். முன்னாடி பேசறவங்க, பொன்னாடை போத்தறவங்க அரை மணி நேரத்தைத் தின்னுருவாங்க. அப்புறம் மிச்ச நேரத்துக்குள்ள கதையை அடக்கோணும். எந்தப் பாட்டை விடலாம், எதுல நாலு சுத்தை ரெண்டாக்கலாம், வேங்கை மரத்தைத் தாண்டி நேரா கெழவனுக்குப் போயிரலாமான்னு மேடையிலயே முடிவெடுக்கோணும். இந்த வருசம் ஆசிரியர் ஜால்ராக்காரரைப் பார்த்து ஒரு கண்ணசைவுதான் காட்டுனார், முழுசா ஒரு பாட்டைத் தாண்டிட்டோம். ஆருக்கும் தெரியல. பத்தாக அஞ்சு நிமிசம் இருக்கறப்போ கல்யாணமும் முடிஞ்சு மங்களமும் பாடியாச்சு.

எதிர்த்தரப்பு சொல்றதுல நியாயமே இல்லைன்னு நான் சொல்ல வரல. எங்க ஆசிரியருக்கு எழுபது தாண்டிருச்சு. மூணு மணி நேரம் நின்னுக்கிட்டே பாடறது அவருக்குச் சிரமம், கடைசி அரை மணி நேரம் குரல் கம்மிருச்சு, எல்லாரும் பார்த்தோம். ரெக்கார்டு போட்டா குரல் கம்மாது. சுருதி தப்பாது. செலவும் ஒரு தடவையோட முடியும். நேரடியாப் பாடறேன்னு சொல்லிட்டு மைக்கை வாய்க்குள்ள திணிச்சுக் கத்தற சில பேரையும் பக்கத்து ஊர்கள்ல கேட்டிருக்கேன். அதுக்கு ரெக்கார்டே தேவலாம்தான், ஒத்துக்கறேன். வீட்டுல பழகறதுக்குப் பதிவு நெம்ப நல்லது. நானே பதிவைக் கேட்டுத்தான் பாதிப் பாட்டு படிச்சேன். எல்லாப் பாட்டையும் ஆசிரியர் குரல்ல இந்த வருசமே பதிவு பண்ணி வெச்சரலாம், அதுக்கு ஆகற செலவுல என் பங்கையும் தர்றேன்.

ஆனா அரங்கேற்றத்தன்னிக்கு அந்தப் பதிவைப் போட்டு ஆடுனா, அதுக்கப்புறம் என்ன ஆகும்னு பாருங்க. முதல் வருசம் ஆசிரியர் பக்கத்துல உக்காந்திருப்பார். ரெண்டாவது வருசம் வந்து பார்த்துட்டுப் போவார். மூணாவது வருசம் பென்டிரைவ் மட்டும் வரும். அதுல முப்பது பாட்டு இருந்தா அந்த முப்பதுதான் கும்மி. அவர் வாயில இருக்கற மிச்சப் பாட்டு, அந்தந்த எடத்துக்குத் தகுந்தாப்பல அவர் போடற வார்த்தை, கருப்பராயன் கோயில்ல ஆடுனா அந்தச் சாமி பேரைச் சேர்த்துப் பாடறது, எல்லாம் அவரோட போயிரும். மழை பெய்யாத வருசம் வருண பகவானைக் கேட்டு நாலு வரி சேர்ப்பார். அதை எந்தப் பென்டிரைவ்ல தேடறது?

இந்த வருசம் எங்கூர்ல அடி கத்துக்க வந்தவங்க அறுபத்தி நாலு பேர். பாட்டுக் கத்துக்க வந்தவங்க நானும் அந்தப் பத்தாவது படிக்கற புள்ளையும், ரெண்டே பேர். அந்தப் புள்ளைக்கும் அடுத்த வருசத்துக்கு அடுத்த வருசம் பன்னெண்டாவது, வீட்டுல விடுவாங்களா தெரியல. எனக்கு இருக்கற கவலை இதுதானுங்க.

அதனால கமிட்டிக்கு நான் எழுதிக் குடுத்தது இவ்வளவுதான். ஆசிரியர் ஒருத்தரே முழுக்கப் பாட வேண்டாம். காப்பும் குரு வணக்கமும் கெழவர் பாட்டும் மங்களமும் அவர் பாடட்டும், உக்காந்து பாட ஒரு நல்ல நாற்காலி போடுங்க. மிச்சக் கதையை மூணு பேர் பிரிச்சுக்கலாம், அதுல ஒண்ணாவது பொம்பளைக் குரலா இருக்கட்டும். அடிக்குப் பயிற்சி குடுக்கற மாதிரி பாட்டுக்கும் தனியா ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. பொன்னாடை நிகழ்ச்சியைப் பத்து நிமிசத்துல முடிங்க. கடைசியாச் சொன்னதுக்குத்தான் கமிட்டியில மூஞ்சி சுருங்குச்சு, மத்ததைப் பேசலாம்னு சொல்லியிருக்காங்க.

இன்னொரு விசயம் அவங்களுக்கே ஞாபகப்படுத்துனேன். இந்த வருசம் ஆனை வர்ற எடத்துல மேடைப் பக்கம் ஃபியூஸ் போயி, மைக்கும் லைட்டும் ஒண்ணா நின்னுச்சு. மைக்செட்காரப் பையன் ஓடிப் போய் மாத்தறதுக்கு எப்படியும் அஞ்சு நிமிசம் ஆயிருக்கும். ஆட்டம் நிக்கல. ஆசிரியர் மேடையை விட்டு எறங்கி வட்டத்துக்கு நடுவுல போய் நின்னு வெறும் குரல்ல பாடுனார். ஜால்ரா மட்டும் கூடப் போச்சு. கேக்கலைன்னு தெரிஞ்சதும் வட்டத்துல இருந்தவங்களே சத்தமா எடுத்துக் குடுத்தாங்க. செல்போன் டார்ச்சைப் புடிச்சுக்கிட்டு ஜனம் சுத்தி வந்து நெருங்கிருச்சு. பென்டிரைவ் வேணும்னு இப்பச் சொல்ற என் மாப்பிள்ளை முறைக்காரனும் அன்னிக்கு டார்ச் புடிச்சுக்கிட்டு முன்னாடிதான் நின்னான். கேட்டா, 'அது வேற மாமா'ங்கறான்.

கமிட்டி என்ன முடிவு பண்ணாலும் சரி, தை பொறந்ததும் பாட்டுப் பயிற்சியை நாங்க ஆரம்பிச்சுருவோம். ஆட்டம் ஏழரைக்கு, பாட்டு ஆறரைக்கு, கோயில் முன்னாடி. குரல் எப்படி இருந்தாலும் பரவால்ல, கட்டைக் குரலா இருந்தா இன்னும் நல்லது, ஆம்பளைப் பின்பாட்டுக்கு ஆள் இல்ல. நோட்டு கொண்டு வாங்க, போனை வீட்டுல வெச்சுட்டு வாங்க. செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாமுங்க, அன்னிக்கு எங்களுக்கு வாய்க்கால் மொறை.